கரிசல் மண் வாசமும் வயிற்றுக்குள் ஒளிந்த ஜீனும்: தெரியுமா?

ஐப்பசி முதல் மழை எட்டயபுரத்துக் கரிசலில் விழுந்ததும் ஒரு வாசம் கிளம்புமே! அந்த வாசத்தில் பெரும்பங்கு, மண்ணுக்குள் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் கைவண்ணம், தெரியுமா? அந்த இனத்தில் ஒன்றிடமிருந்துதான் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. காசநோயை மடக்கிய முதல் ஆன்டிபயாடிக்!

இன்னும் கேளுங்கள். விஷம் காய்ச்சுகிறவன் அதே விஷத்தில் சாகக் கூடாதல்லவா? அதனால் முறிமருந்தையும் கையோடு வைத்திருக்கிறது அந்தப் பாக்டீரியா. அதைச் செய்யும் குறிப்புதான் எதிர்ப்பு ஜீன். அதாவது, மருந்துக் கடை பிறக்கும் முன்பே எதிர்ப்பு பிறந்துவிட்டது! அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லெச்சுகியா என்றொரு குகை. 40 லட்சம் ஆண்டுகளாக மேல்தரையோடு தொடர்பே இல்லாத அதன் ஆழத்தில் இருந்த பாக்டீரியாக்களில் சில, 14 ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கி நின்றன என்று 2012-இல் எழுதினார்கள். எந்த டாக்டரிடம் சீட்டு வாங்கினவாம்?

சரி, நம் வயிற்றுக்கு வருவோம். குடலில் குடியிருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எஷரிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1885-இல் கண்டபோது, எட்டயபுரத்தில் பாரதி நடை பழகிய பிள்ளை. அந்த ஈ.கோலை பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்றை வைத்திருக்கிறது என்று ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் அச்சேற்றியது 1940 டிசம்பரில். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரருக்குப் பென்சிலின் ஊசி போட்டுப் பார்த்ததோ 1941 பிப்ரவரியில்!

பெருக்கத்தைச் சொன்னால் தலை சுற்றும். சோறும் இடமும் தாராளமாகக் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பத்து மணி நேரத்தில் ஒன்று, நூறு கோடியைத் தாண்டிவிடும். (குடலுக்குள் நெரிசல், இவ்வளவு வேகம் அங்கே கிடையாது.)

ஆனால் பிள்ளை பெற்றுத்தான் ஜீனைக் கொடுக்க வேண்டும் என்றில்லை! பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுக்கிறோமே, கொடுத்த வீட்டிலும் தயிர் இருக்கும், வாங்கிய வீட்டிலும் உறையும். அதேதான் இங்கேயும். பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையத்தில் எதிர்ப்பு ஜீனை ஏற்றி, ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும், தன்னிடமும் ஒன்றை வைத்துக்கொண்டே. வாங்குவது சொந்த இனமாகக்கூட இருக்க வேண்டாம். நாம் சளிக்கெல்லாம் மாத்திரை விழுங்கும்போது உறைமோர் வாங்காதது சாகிறது, வாங்கியது ஊரையே பிடித்துக்கொள்கிறது. சளிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். அது இந்த மாத்திரைக்கு அசையவே அசையாது!

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்குண்டு, தெரியுமா? கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே உடைக்கும் என்.டி.எம்.-1 ஜீன் பற்றி 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்த பெரிய கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்த ஜீன்! ‘என்.டி.’ என்றால் நியூ டெல்லி. ஊர் பேரை ஏன் வைத்தீர்கள் என்றுதான் அன்றைக்குப் பெரிய சண்டை. ஜீனைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான். மறு ஆண்டே டெல்லியில் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டில் அதைக் கண்டார்கள்.

இந்தியாவில் 2014 மார்ச் 1 முதல் முக்கியமான சில ஆன்டிபயாடிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் மெடிக்கலில் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் தெரு மெடிக்கலில் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா?