‘சிஸ்டம் அப்டேட் ஆகிறது’ என்றால் என்ன?

இரவு நேரத்தில் பதிவு மேசைக்கோ, மருந்தகத்திற்கோ வந்தவர்கள் சிலர், “சிஸ்டம் அப்டேட் ஆகிறது, சற்றுப் பொறுத்திருங்கள்” என்ற சொற்களைக் கேட்டிருக்கக்கூடும். உள்ளே உறவினர் ஒருவர் வலியோடு படுத்திருக்க, வெளியே நிற்பவருக்கு அச்சொற்கள் எரிச்சலூட்டுவது இயல்பே. அந்தச் சில நிமிடங்களில் என்னதான் நடக்கிறது, அதைத் தவிர்க்க இயலாதா என்று பலரும் கேட்கின்றனர். மருத்துவமனையின் கணினிப் பிரிவினராகிய நாங்கள் அக்கேள்விக்கு இங்கே விடை கூற முற்படுகிறோம்.

இன்று மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு, ஆய்வக முடிவு, ஸ்கேன் படம், ரத்த வங்கியின் இருப்புக் கணக்கு யாவும் கணினி வழியாகவே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கின்றன. அக்கணினிகளை இயக்கும் மென்பொருள்களில் அவ்வப்போது குறைகள் கண்டறியப்படுகின்றன. அவற்றுள் சில, அயலார் உள்ளே நுழைய வழிவிடும் ஓட்டைகள். மென்பொருளை உருவாக்கிய நிறுவனங்கள் அவற்றை அடைப்பதற்கான திருத்தங்களை வெளியிடுகின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை தன் திருத்தங்களை வெளியிடுவது வழக்கம். நம் நாட்டு நேரப்படி அது இரவு 10.30 அல்லது 11.30 மணி. எங்கள் மாதத்தின் பரபரப்பான வேலை அங்கே தொடங்குகிறது.

ஒவ்வொரு கணினியும் தனித்தனியே இணையத்திற்குச் சென்று திருத்தங்களைப் பெற்றுக்கொள்ளலாமே என்று தோன்றும். வீட்டில் அப்படித்தான் நிகழ்கிறது. மருத்துவமனையில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே வேளையில் அவ்வாறு செய்தால், ஸ்கேன் படங்களும் ஆய்வக முடிவுகளும் செல்ல வேண்டிய இணைப்பு திணறிவிடும். மேலும், நோயாளிகளின் விவரங்களைத் தாங்கும் கணினிகள் பலவற்றை நாங்கள் வெளி இணையத்தோடு இணைப்பதே இல்லை. ஆகவே திருத்தங்களை ஒருமுறை பெற்று, எங்களிடமே உள்ள ஒரு சர்வரில் சேமித்துவைக்கிறோம். அதனைக் களஞ்சியம் என்போம். கிளை மருத்துவமனையிலும் மாதிரி சேகரிப்பு மையங்களிலும் அதன் படிகளாகச் சிறு களஞ்சியங்கள் உள்ளன. மையக் கிடங்கிலிருந்து மருந்துகள் வார்டு அலமாரிகளுக்குச் செல்வது போல, திருத்தங்கள் மையக் களஞ்சியத்திலிருந்து கிளைகளுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு கணினிக்கும் செல்கின்றன.

வேலையின் கடினம் திருத்தங்களைப் பெறுவதில் இல்லை. எல்லாக் களஞ்சியங்களும் எந்நாளும் ஒரே நிலையில் இருக்கச் செய்வதில்தான் இருக்கிறது. இதனை ஒத்திசைத்தல் என்கிறோம்.

ஒத்திசைவு தவறினால் என்ன ஆகும்? கணினி பழுதாகி நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். நின்றுவிட்டால் உடனே தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். உண்மையில் நிகழ்வது அதைவிட மோசமானது. ஒரு கிளையின் களஞ்சியம், இணைப்புக் கோளாறாலோ வட்டில் இடம் தீர்ந்ததாலோ, மூன்று வாரங்களுக்கு முன்பே புதியவற்றைப் பெறுவதை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அக்கிளையின் கணினிகள் நாள்தோறும் அதனிடம் “புதிதாக ஏதேனும் வந்துள்ளதா?” என்று கேட்கும். அது தன்னிடம் இருப்பதைப் பார்த்து “ஒன்றுமில்லை” என்று விடையளிக்கும். கணினியின் திரையில் ‘அனைத்தும் புதுப்பிக்கப்பட்டுள்ளன’ என்ற பச்சைக் குறி தோன்றும். கேட்டவரும் பொய் சொல்லவில்லை, விடையளித்தவரும் பொய் சொல்லவில்லை. எனினும் ஓட்டை திறந்தே கிடக்கிறது. காய்ச்சல்மானி நேற்றைய அளவிலேயே சிக்கி நின்றுவிட்டால், அதை எத்தனை முறை பார்த்தாலும் நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை என்றே காட்டும் அல்லவா?

ஆதலால் நாங்கள் பச்சைக் குறியை நம்புவதில்லை. ஒவ்வொரு களஞ்சியமும் தன் மூலத்தோடு கடைசியாக எப்போது வெற்றிகரமாக ஒத்திசைந்தது என்ற தேதியையே காலைதோறும் பார்க்கிறோம். சில லினக்ஸ் களஞ்சியங்களின் பட்டியலிலேயே ‘இத்தேதி வரை மட்டுமே செல்லும்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி இருப்பது போன்றதே இது. தேதி கடந்த பட்டியலைக் கணினி ஏற்க மறுத்துவிடும். எங்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. தவறு நேர்ந்தால் அது வாய்விட்டுச் சொல்கிறது.

பாதியில் நின்ற ஒத்திசைவும் தொல்லை தருவதே. களஞ்சியத்தில் இரண்டு பொருள்கள் உண்டு: திருத்தக் கோப்புகள் ஒன்று, எவையெவை உள்ளன என்று கூறும் பட்டியல் மற்றொன்று. பட்டியல் முதலில் வந்து, கோப்புகள் வருமுன் இணைப்பு அறுந்துவிட்டால், கணினி இல்லாத பொருளைக் கேட்டுத் தவிக்கும். எனவே கோப்புகளை முதலில் இறக்கி, பட்டியலைப் பின்னர் மாற்றி, பழையவற்றை எல்லாவற்றிற்கும் கடைசியில் நீக்குவதே சரியான வரிசை. வந்த கோப்பு வழியில் சிதையாமலும் எவராலும் மாற்றப்படாமலும் இருக்கிறதா என்பதை, உருவாக்கியவரின் மின்னணுக் கையொப்பத்தைக் கொண்டு கணினியே சரிபார்க்கிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது.

இவற்றில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவது பொருத்தமாகும். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் ஓர் ஓட்டைக்கான திருத்தத்தை வெளியிட்டது. அதனை உடனே இடுமாறு அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு அரசு அமைப்பொன்று மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை அனுப்பியது. பல இடங்களில் அது இடப்படவில்லை. மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் அந்த ஓட்டை வழியாகவே நுழைந்து, கோப்புகளைப் பூட்டி, பணம் கேட்டது. அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைப்படி, 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. 6,912 சந்திப்புகள் ரத்தானது உறுதி செய்யப்பட்டது, மொத்தம் 19,000-க்கு மேல் இருக்கும் என மதிப்பிடப்பட்டது. ஐந்து பகுதிகளில் அவசர நோயாளிகள் வேறு மருத்துவமனைகளுக்குச் செல்ல நேர்ந்தது. அந்த 81-இல் 44 அறக்கட்டளைகளின் கணினிகளில் நச்சுநிரல் நுழையவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அச்சத்தால் தாமே இணைப்பைத் துண்டித்ததாலும், பிறரோடு தகவல் பரிமாற இயலாமற்போனதாலும் அவற்றின் பணிகள் முடங்கின.

அப்படியானால் வந்தவுடன் எல்லாக் கணினிகளிலும் இட்டுவிடலாமே என்றால், அதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் பிழையுள்ள ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. நம் விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மருத்துவமனைகள் சில, அவசரமற்ற சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. அந்தப் புதுப்பிப்பு எந்த நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியத்திலும் தங்கிச் செல்லவில்லை. நேரே கணினிக்குள் இறங்கியது.

எனவே எங்கள் களஞ்சியத்தில் புதியவை முதலில் தனியே நிறுத்தப்படுகின்றன. எங்கள் பிரிவின் கணினிகளிலும் அலுவலகக் கணினிகளிலும் அவை முதலில் இடப்படும். சில நாட்கள் குறையின்றி ஓடிய பின்னரே புறநோயாளிப் பிரிவு, வார்டுகள், இறுதியாக அவசரச் சிகிச்சையும் தீவிர சிகிச்சையும் என்ற வரிசையில் செல்லும். கடும் ஓட்டையாயின் அச்சில நாட்களைச் சில மணி நேரமாகச் சுருக்குகிறோம். எவ்வளவு சுருக்கலாம் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு முறையும் அமர்ந்து பேசித்தான் முடிவெடுக்கிறோம். அவசரப் பிரிவில் ஒரே வேளையில் பாதிக் கணினிகளை மட்டுமே நிறுத்துவோம்.

ஸ்கேன் கருவிகளின் கணினிகள் தனி வகை. எம்.ஆர்.ஐ., சி.டி. கருவிகளின் திரை பழங்காலத்ததாய் இருப்பதைச் சிலர் கவனித்துக் கேட்டிருக்கின்றனர். கருவியை உருவாக்கியவர் சோதித்து ஒப்புதல் அளிக்காத திருத்தத்தை அதில் நாங்கள் இடுவதில்லை. படத்தின் தரமோ கதிர்வீச்சின் அளவோ பிழைபட இடந்தரலாகாது. அதற்கு மாற்றாக அக்கருவிகளை வலையமைப்பின் தனிப் பகுதியில் வைத்து, தேவையான சர்வரோடு மட்டுமே பேச விடுகிறோம்.

உடனிருப்போரிடம் எங்களுக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. வேறிடத்தில் எடுத்த ஸ்கேன் படங்களைப் பென்டிரைவிலோ சி.டி.யிலோ கொண்டுவந்தால், வார்டில் உள்ள கணினியில் போடச் சொல்லாமல் கதிரியக்கப் பிரிவின் மேசையில் கொடுங்கள். அங்கே அவற்றைச் சோதித்து ஏற்றுவதற்கென்றே ஒரு கணினி உள்ளது. செவிலியர் மேசைக் கணினியில் கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்ய வேண்டாம். மருத்துவமனை எண், தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை உள்ள மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கைவசம் வைத்திருங்கள். கணினி நின்றிருக்கும் வேளையில் மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அத்தாளே.

பெரிய புதுப்பிப்புகள் நடைபெறும் இரவுகளைப் பதிவு மேசையிலும் ஒவ்வொரு தளத்தின் அறிவிப்புப் பலகையிலும் முன்கூட்டியே ஒட்டுகிறோம். அந்நேரங்களில் சேர்க்கை, மருந்து, ஆய்வகக் கோரிக்கை ஆகியவை அச்சிட்ட படிவங்களில் எழுதப்படும். கணினி திரும்பியதும் ஊழியர்கள் அவற்றைப் பதிவேற்றுவர். படிவத்தின் நகல் ஒன்றை நீங்கள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.