அப்பா காலத்து புல்லட்: காயலான் கடைக்கா, ரோட்டுக்கா?

கீழ்பென்னாத்தூர்:

'டுப்... டுப்... டுப்...'

வண்டி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே சத்தம் வந்து சேர்ந்துவிடும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் பிடித்த கிளாசோடு ரோட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். "புல்லட்டு வருதுப்பா!"

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி, திண்டிவனம் போகும் ரோட்டில் சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பெங்களூரில் இருந்து கிருஷ்ணகிரி வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் வழி. சனி, ஞாயிறு வந்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக இந்த வழியே போவதுண்டு. புத்தம் புது வண்டிகள் மட்டும் அல்ல, 40 வயதைத் தாண்டிய கிழட்டுச் சிங்கங்களும் அதில் உண்டு.

அதே நேரத்தில் எத்தனையோ வீடுகளில் வேறு ஒரு காட்சி. மாட்டுக் கொட்டகை மூலையில், சாக்கு போட்டு மூடிய ஒரு வண்டி. அப்பா ஓட்டியது. டயரில் காற்று இல்லை. டேங்கில் துரு. வீட்டில் வருஷா வருஷம் ஒரே பஞ்சாயத்து.

"சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது. எடைக்குப் போட்டுடலாமா?"

"அப்பா ஞாபகமா இருக்கட்டும்மா. ஒரு நாளைக்கு தயார் பண்ணிடறேன்."

அந்த 'ஒரு நாள்' வருவதே இல்லை! அது வராமல் போவதற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. எதை முதலில் பார்ப்பது என்று தெரியாததுதான் பெரிய காரணம்.

மெட்ராஸ் கண்ட வண்டி

புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே ரெட்டிச் என்ற ஊர். ஊசி தயாரிப்பதில் பேர் போன ஊர் அது. நம் நாட்டு ராணுவம் எல்லைக் காவலுக்கு இந்த வண்டியை வாங்கியது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கை கோத்தன. 'என்ஃபீல்டு இந்தியா' உதயமானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் மிச்சம் இருந்த உற்பத்தியும் நின்றது. 1977-ல் மெட்ராஸ் புல்லட் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது! தொழில் கற்றுக் கொடுத்தவர் கடையை மூட, கற்றுக் கொண்டவர் அவர் வீட்டுக்கே சரக்கு அனுப்பிய கதை.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் 2010 வாக்கில் விடைபெற்றது. ஆனால் பல்லாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் வந்த வண்டி என்பதால் அதற்கு இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. மைசூரில் 1996 வரை தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளுக்கும் இதே போல ரசிகர் கூட்டம் உண்டு. கியர் போடும் அதே கம்பியை நிமிர்த்தி கிக்கர் ஆக்கும் வித்தை அந்த வண்டிக்கே உரியது.

முதலில் பெட்டியைத் திற!

வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகும் முன் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேட வேண்டும். என்ஜினுக்கு 30 ஆயிரம் செலவழித்துவிட்டு, காகிதம் இல்லை என்று தலையில் கை வைப்பதில் பயன் இல்லை.

மோட்டார் சைக்கிளின் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே கொண்டு போய்க் காட்ட வேண்டும். 300 ரூபாயாக இருந்த மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 1,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2025 ஆகஸ்டில் அது 2,000 ரூபாயாக ஏறியது. பசுமை வரி தனி. தாமதமானால் அபராதமும் சேரும்.

வண்டி இறந்து போனவர் பெயரில் இருக்கிறதா? வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்ல வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு மனு போட வேண்டும். இது விதி. பல குடும்பங்களில் யாரும் இதைச் செய்வதில்லை. "அப்பா வண்டிதானே, யார் கேக்கப் போறாங்க?" என்று ஓட்டுகிறார்கள். விபத்து என்று ஒன்று நடந்தால் முதல் கேள்வியே அங்கேதான் வரும். பதிவு செத்துப்போன வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்குவதும் லேசில் நடக்கிற காரியம் அல்ல.

50 வயதைத் தாண்டிய வண்டிக்கு 2021-ல் தனிச் சட்டம் வந்தது. 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம் ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். புதுப்பிக்க 5 ஆயிரம். ஏற்கனவே பதிவான வண்டிக்கு அதன் பழைய நம்பரே தொடரும். ஆனால் ஒரு கண்டிஷன்: கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். தினமும் ஆபீசுக்கோ கடைக்கோ ஓட்ட முடியாது. தினசரி ஓட்ட நினைப்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக் கொள்வது நல்லது.

என்ஜின் என்ன சொல்லுது?

ஓடி ஓடித் தேய்ந்த வண்டியை விட நின்று நின்று கெட்ட வண்டிக்குத்தான் வேலை அதிகம். இது மெக்கானிக்குகள் அறிந்த உண்மை. நிற்கும்போது டேங்கில் துரு ஏறும். கார்பரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசின் ஆகும். ரப்பர் இறுகி வெடிக்கும். கேபிள்கள் உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர் டியூப், கேஸ்கட் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றைப் புதிதாக மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பத்து நாள் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பதையும் வடித்துவிட வேண்டும்.

பழைய புல்லட்டில் என்ஜினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச் கேஸுக்கு ஒன்று என மூன்று இடத்துக்கும் தனித்தனி. ஒன்றை ஊற்றிவிட்டு மற்ற இரண்டை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம்.

டேப்பெட் பார்ப்பது என்ஜின் ஆறிய பிறகுதான். புஷ் ராடை விரலால் சுழற்றினால் லேசாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. சி.பி. பாயிண்ட் இடைவெளி 0.35-ல் இருந்து 0.40 மில்லி மீட்டர் வரை. டைமிங் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். காலை ஒடித்த புல்லட் கதை இல்லாத ஊர் உண்டா? வண்டியை மிதித்து எழுப்பும் முறை இதுதான்: ஆம்பியர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, டீகம்பிரஷன் கம்பியை அமுக்கி, கிக்கரைக் கொஞ்சம் தள்ளி, கம்பியை விட்டு, அப்புறம் முழு உதை. இதில் முரட்டுத்தனம் பலிக்காது.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறக் கூடாது. டயர் ஓரத்தில் 4 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். '1809' என்றால் 2009-ம் வருஷத்தின் 18-வது வாரம் தயாரானது. தேயாத டயராக இருந்தாலும் ரப்பர் கட்டையாகியிருக்கும். மழையில் வழுக்கும்.

பழைய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையும், ஜி.பி. ரோடும் பேர் போனவை. வாங்கும்போது பில் கேட்டு வாங்க வேண்டும். என்ஜின் நம்பர், சேஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப் போகாத வண்டி என்றைக்கும் தலைவலிதான்.

இடது காலா, வலது காலா?

அப்பா ஓட்டிய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டிகளில் எல்லாமே தலைகீழ். புது வண்டி ஓட்டிப் பழகிய பிள்ளை, அவசரத்தில் பிரேக் என்று நினைத்து வலது காலை மிதிப்பான். அங்கே இருப்பது கியர்! வண்டி நிற்காது. அந்த ஒரு வினாடியில் லாரி குறுக்கே வந்தால் என்ன ஆகும்?

அதனால் முதல் ஒரு வாரம் காலி மைதானத்தில்தான் பழக வேண்டும். பழைய டிரம் பிரேக், இன்றைய டிஸ்க் பிரேக் போலப் பிடிக்காது. முன்னால் போகிற வண்டியை விட்டு இரண்டு மடங்கு தள்ளிப் போவதே பாதுகாப்பு.

ஊர்வலம் வேறு, பந்தயம் வேறு

புல்லட் கிளப்புகள் இன்று பல ஊர்களில் உண்டு. கோவாவில் வருஷந்தோறும் நாடு முழுவதும் இருந்து வண்டிகள் கூடும். ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாவாக்காரர்களின் திருநாள். ஆனால் ஒரு ஊர்வலம் நடத்துவதற்குப் பெரிய சங்கம் தேவை இல்லை. ஐந்தாறு வண்டிகளும், கட்டுப்பாடும் போதும்.

முன்னால் போகிறவர் வழி காட்டுபவர். அவரை யாரும் முந்தக்கூடாது. அவருக்கு அடுத்த இடம், கூட்டத்திலேயே கிழட்டு வண்டிக்கு. ஏன் தெரியுமா? கடைசியில் விட்டால் அது எல்லோரையும் எட்டிப் பிடிக்க விரட்டி ஓட வேண்டி வரும். முன்னால் விட்டால் எல்லோரும் அதன் வேகத்துக்கு வருவார்கள். கடைசி வண்டியில் வேலை தெரிந்தவர். அவரிடம் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிளக், பாயிண்ட், கண்டன்சர், செயின் லாக், டியூப், பஞ்சர் சாமான், கட்டுக்கம்பி, முதலுதவிப் பெட்டி இருக்கும். யார் நின்றாலும் அவரும் நிற்பார்.

ஜோடியாகப் பேசிக்கொண்டே போகக்கூடாது. ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் சற்றுப் பின்னால் வலப்பக்கம் என்று விலகிப் போக வேண்டும். எட்டு வண்டிக்கு மேல் சேர்ந்தால் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் பஸ் முந்த முடியாமல் திணறும். ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும் வேண்டும், பின்னால் இருப்பவருக்கும் வேண்டும். சைலன்சரை மாற்றி ஊரை எழுப்பினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இருக்கிற ஊர் வழியே போகிறோம் என்ற நினைப்பும் வேண்டும்.

வெள்ளோட்டம் செஞ்சிக்கு

புதிதாகத் தயாரான பழைய வண்டியை எடுத்த எடுப்பில் கோவாவுக்கு ஓட்டக்கூடாது. திருவண்ணாமலையில் இருந்து செஞ்சிக்குப் போய்த் திரும்பினால் 80 கி.மீ.க்குள் முடிந்துவிடும். வெள்ளோட்டத்துக்கு அளவான தூரம். காலையில் கிளம்பினால் முதல் நிறுத்தம் கீழ்பென்னாத்தூர். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஆயில் கசிகிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா, சக்கரத்தின் நடுப்பகுதி சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிடலாம். தொட முடியாத அளவுக்குச் சுட்டால் பிரேக் உரசுகிறது என்று அர்த்தம். அங்கேயே சரி செய்துகொண்டுதான் மேலே போக வேண்டும். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. பார்க்க வருகிற கூட்டம் உண்டு. ஊருக்குள் நிதானம் தேவை.

இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள் காலண்டரையும் பார்க்க வேண்டும். பௌர்ணமி கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். கார்த்திகை தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். ஊருக்கு வெளியிலேயே தற்காலிக பஸ் நிலையங்கள் அமைத்து வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் ஊர்வலம் வைத்தால் பக்தர்களுக்கும் தொல்லை, என்ஜினுக்கும் சூடு. அறுவடைக் காலத்தில் நெல்லும் மல்லாட்டையும் ரோட்டில் காயும். அதன் மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும். கரும்பு டிராக்டர் இருட்டில் விளக்கில்லாமல் வருவதுண்டு. எனவே பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது உத்தமம்.

தேதி குறித்தால் வேலை நடக்கும்

கொட்டகை மூலையில் நிற்கும் வண்டியைக் காப்பாற்றுவது பணம் மட்டும் அல்ல, ஒரு தேதி. 'ஒரு நாளைக்குப் பார்க்கலாம்' என்றால் எதுவும் நடக்காது. 'அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு, ஆறு பேர் செஞ்சிக்குப் போறோம்' என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டால் ஆயில் மாறும், டயர் மாறும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கால் தானாக நடக்கும். ஒருவரிடம் இல்லாத கேபிள் இன்னொருவரிடம் இருக்கும். ஒருவருக்குத் தெரியாத டைமிங் இன்னொருவருக்குத் தெரியும். தேதி வந்தும் காகிதம் தேறவில்லை, சேஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது என்றால் அப்போது தாராளமாக விற்றுவிடலாம். அதுவும் ஒரு முடிவுதான். முடிவே எடுக்காமல் சாக்கு போட்டு மூடி வைப்பதுதான் வண்டிக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல.