தூங்காத மூக்கு

மாணவர்களே, ஒரு கேள்வி. நீங்கள் ஆழ்ந்து உறங்கும்போது வீட்டில் ஏதோ ஒன்று தீய்ந்து புகைந்தால், அந்த நெடி உங்களை எழுப்பிவிடுமா?

‘கண்டிப்பாக எழுப்பிவிடும்’ என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அறிவியல் வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூங்குகிறவர்களின் மூக்கருகே இரண்டு வாசனைகளைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்று புதினா. மற்றொன்று ‘பிரிடின்’ என்ற, முகத்தைச் சுளிக்கவைக்கும் நெடி. 2004இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு இதுதான்: கண் அயரும் நேரத்தில் வாசனை தெரிந்தது, தூக்கம் ஆழமானதும் எந்த நெடியும் அவர்களை நம்பும்படியாக எழுப்பவில்லை. ஆனால், ஒலி எழுப்பியது.

அதாவது, நாம் தூங்கினால் நம் மூக்கும் தூங்கிவிடுகிறது. காது மட்டும் ஓரளவு காவல் இருக்கிறது. அப்படியானால் தீயிலிருந்து தப்ப நமக்கு என்ன வேண்டும்? புகையை முகர்ந்து, அதைச் சத்தமாக மாற்றித்தரும் ஒன்று வேண்டும். மேற்கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைத் தட்டு, புகை அலாரம், செய்வது இந்த ஒரே ஒரு வேலையைத்தான்.

தீயை முந்தும் புகை

வீட்டுத் தீயில் உயிரிழப்பவர்களில் பலர் தீச்சுவாலை தொடுவதற்கு முன்பே புகையால் மயங்கிவிடுகிறார்கள். காரணம், கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்காது. தலை சுற்றும், கால் தள்ளாடும், கதவு எங்கே என்று தெரியாமல் போகும். தூங்குகிறவர் இன்னும் ஆழமான மயக்கத்துக்குள் போய்விடுவார்.

நமக்குக் கிடைக்கும் நேரமும் குறைந்துவிட்டது. தாத்தா காலத்து வீட்டில் மர நாற்காலியும் பருத்திப் பஞ்சும் இருந்தன. இன்றைய சோபாவிலும் மெத்தையிலும் இருப்பது பாலியூரித்தேன் நுரை. அது பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவது. வேகமாக எரியும், அடர்ந்த கரும்புகை விடும். அமெரிக்காவின் யூ.எல். ஆய்வுக்கூடத்தில் இரண்டு அறைகளை எரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய பாணித் தளவாடங்கள் இருந்த அறை முழுவதும் தீப்பற்ற அரை மணி நேரம் ஆனது. புதிய பாணி அறைக்கு நான்கு நிமிடங்கூட ஆகவில்லை.

ஒளிக்கற்றை சொல்லும் பாடம்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் உள்ள பழைய கடைவீடுகளுக்குள் போயிருக்கிறீர்களா? நடுமுற்றத்தின் வழியாகச் சாய்ந்து விழும் காலை வெயிலில் சாம்பிராணிப் புகை கலந்தால், வெயில் ஒரு தூண்போல நிற்பது கண்ணுக்குத் தெரியும். புகை விலகியதும் அந்தத் தூண் மறைந்துவிடும். வெயில் எங்கும் போய்விடவில்லை. புகைத் துகள்கள் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடித்ததால்தான் பக்கவாட்டில் நிற்கும் உங்கள் கண்ணுக்கு அது வந்தது. இதற்கு ‘டிண்டால் விளைவு’ என்று பெயர்.

ஒளிமின் வகைப் புகை அலாரத்துக்குள் நடப்பதும் இதுவே. உள்ளே ஓர் இருட்டறை. ஒரு மூலையில் சிறிய எல்.இ.டி. விளக்கு. ஒளியை உணரும் கருவியும் உண்டு. ஆனால் விளக்கின் நேர்ப்பாதையில் இல்லை, சற்று விலகி இருக்கும். காற்று தெளிவாக இருக்கும்வரை உணர்கருவிக்கு ஒளி கிடைக்காது. புகை நுழைந்தால் ஒளி சிதறி அதன்மேல் விழும். அளவு மீறியதும் அலாரம் அலறும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இருட்டறையில் ஓர் ஊதுபத்தியை ஏற்றுங்கள். கைவிளக்கின் ஒளியைப் புகையின் ஊடே பாய்ச்சி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். உங்கள் கண்தான் இப்போது உணர்கருவி!

சிகரெட் புகையில் பிறந்த எண்ணம்

இன்னொரு வகை, அயனி வகை. 1930களில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். நச்சுவாயுவுக்குக் கருவி அசையவில்லை. சலித்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். மின்னோட்டத்தைக் காட்டும் முள் சட்டென்று இறங்கியது! தோற்றுப்போன அந்தச் சோதனைதான் புகை உணரும் கருவிக்கு வித்திட்டது என்று சொல்வார்கள். மின்கலத்தில் இயங்கும், வீட்டுக்கு ஏற்ற மலிவான அலாரத்தை 1960களில் உருவாக்கியவர் அமெரிக்கரான டுவேன் பியர்சால்.

இந்த வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருக்கும். அது வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் காற்றை அயனியாக்கி, இரண்டு தகடுகளுக்கு இடையே சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். புகைத் துகள்கள் அயனிகளைப் பிடித்துக்கொண்டால் மின்னோட்டம் குறையும், அலாரம் ஒலிக்கும். ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும் என்பதால், கருவியை உடைக்காதவரை ஆபத்தில்லை.

எதை வாங்குவது? சுவாலைவிட்டு எரியும் தீயை அயனி வகை சற்று முந்திக்கொண்டு கண்டறியும். மெத்தை, சோபா, மின்கம்பி உறை போன்றவை சுவாலையின்றிக் கனன்று புகையும்போது ஒளிமின் வகை வெகுவாக முந்தும். இரவில் நாம் தூங்கும்போது பெரிதும் அஞ்சவேண்டியது கனன்று புகையும் தீயைத்தான். சமையல் புகைக்கு வீணாக அலறுவதும் ஒளிமின் வகையில் குறைவு. எனவே பெட்டியில் ‘போட்டோஎலக்ட்ரிக்’ என்று இருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது.

நம் வீட்டில் எங்கே மாட்டுவது?

சூடான புகை மேலே ஏறும். மேற்கூரையைத் தொட்டபின் பக்கவாட்டில் பரவும். ஆகவே அலாரத்தின் இடம் மேற்கூரையின் நடுப்பகுதி. சுவரில்தான் மாட்டமுடியும் என்றால் மேற்கூரையிலிருந்து 10 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையில் காற்று தேங்கி நிற்கும். புகை அங்கே தாமதமாகவே எட்டும்.

ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று, ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே நடைவழியில் ஒன்று என்பது முழுமையான ஏற்பாடு. ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் படுக்கையறைகளுக்கு வெளியே மாட்டுங்கள்.

ஜார்ஜ்டவுன் 2008இல் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பெருமையைத் தேடித்தந்த கடைவீடுகளின் அமைப்பைச் சற்று எண்ணிப்பாருங்கள். கீழே கடை; மேலே குடியிருப்பு; நடுவே பலகைத் தளமும் செங்குத்தான மரப்படியும். கீழே புகைந்தால் அந்தப் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். மாடியில் இருப்பவர்கள் இறங்கவேண்டிய வழியும் அதுவே! அதனால் இத்தகைய வீட்டில் கீழ்த்தளத்தில் ஒன்று, படிக்கட்டின் மேல்முனையில் ஒன்று மிக அவசியம். ஒன்று ஒலித்தால் மற்றதும் சேர்ந்து ஒலிக்கும் ‘இணைப்பு’ வகை இன்னும் மேல். ஆனால் திறந்த நடுமுற்றத்தை ஒட்டி மாட்டாதீர்கள். காற்று புகையைக் கலைத்துவிடும். கூரை மின்விசிறியிலிருந்தும் ஒரு மீட்டர் விலகியிருக்கட்டும்.

அடுக்குமாடி வீட்டில் வேறு சிக்கல். தாளிப்புப் புகையும் வறுத்த மிளகாய் நெடியும் கூடத்துக்கே வந்துவிடும். அலாரத்தைச் சமையலறையிலிருந்தும், விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றும் சாமி மேடையிலிருந்தும், நீராவி வரும் குளியலறையிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். சமையலறைக்கு என்றே வெப்ப அலாரம் தனியாகக் கிடைக்கிறது. அது புகைக்கு அசையாது, வெப்பம் ஏறினால்தான் கத்தும். தகரக் கூரையின் அடியில், நண்பகலில் கொதிக்கும் பரணும் ஏற்ற இடமல்ல. சுமார் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும் இடத்தில் மாட்டவேண்டாம் என்றே பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன.

பேட்டரி கழற்றப்பட்ட காவலாளி

அலாரத்தின் பெரிய எதிரி தீ அல்ல, நம் பொறுமையின்மை. ரொட்டி கருகியதற்கு ஒருமுறை கத்தும். யாராவது நாற்காலியில் ஏறி பேட்டரியைக் கழற்றி, ‘அப்புறம் போடலாம்’ என்று அலமாரியில் வைப்பார்கள். அந்த ‘அப்புறம்’ வருவதேயில்லை. அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேர், அலாரமே இல்லாத வீட்டில் அல்லது இருந்தும் வேலை செய்யாத வீட்டில் இருந்தவர்கள்.

பராமரிப்புக்கு அதிக நேரம் தேவையில்லை. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்காதீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தூசு உறிஞ்சியால் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே புகும் தூசும் சிறு பூச்சியும் ஒளியைச் சிதறடிக்கும். பாவம், கருவிக்கு அவையும் புகைதான்! வீட்டுக்குச் சாயம் பூசும்போது அதன்மேல் பூசிவிடாதீர்கள். பேட்டரி மாற்றும் வகையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறைபோல ‘கீச்’ என்று ஒற்றை ஒலி வந்தால், அது பேட்டரிக்குப் பசி. மூன்று முறை அலறி, நிறுத்தி, மீண்டும் மூன்று முறை அலறினால் அதுதான் தீ எச்சரிக்கை.

பத்து ஆண்டுகள் ஆனால் கருவியையே மாற்றவேண்டும். உணர்கருவி காலப்போக்கில் மழுங்கிவிடும். தயாரித்த தேதி பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

தம்பி எழுவானா?

ஒரு முக்கியமான செய்தி உங்களுக்காகவே. ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டில் தூங்கும் 34 பிள்ளைகளிடம் புகை அலாரத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 27 பேர் திரும்பத் திரும்ப ஒலித்தும் எழவில்லை. பிள்ளைகளின் தூக்கம் பெரியவர்களுடையதைவிட ஆழமானது; வழக்கமான அலாரம் எழுப்பும் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் கூர்மையான ஒலி அவர்களை எளிதில் அசைப்பதில்லை. சுமார் 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியுடன் மனிதக் குரலையும் சேர்த்தபோது எழுந்தவர்கள் வெகுவாகக் கூடினார்கள்.

ஆகவே அலாரம் ஒலித்தால் தம்பி தங்கை தாமாக எழுந்து வந்துவிடுவார்கள் என்று நம்பவேண்டாம். அவர்களை எழுப்புவது யார் பொறுப்பு என்பதை வீட்டில் இன்றே பேசி முடிவுசெய்யுங்கள். காது கேளாத தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கும் ஒருவர் வேண்டும்.

சாவி எங்கே?

அலாரம் நமக்குத் தருவது சில நிமிடங்கள் மட்டுமே. அந்த நிமிடங்களைச் சாவி தேடுவதில் இழக்கலாமா? திருட்டுக்குப் பயந்து நம் வீடுகளில் கதவுக்கும் சன்னலுக்கும் இரும்பு கிரில் போட்டுப் பூட்டுகிறோம். 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூரில் டாருல் குர்ஆன் இத்திஃபாகியா சமயப்பள்ளியில் தீ மூண்டபோது, வெளியேறும் வழி தடைப்பட்டது. சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் மாணவர்கள். பலர் உங்கள் வயதுக்காரர்கள்.

கிரில் சாவி ஒன்று கதவருகே, கடைக்குட்டிக்கும் தெரிந்த இடத்தில், வெளியிலிருந்து கை எட்டாதபடி தொங்கட்டும். உள்ளிருந்து திறக்கக்கூடிய சன்னல் கிரில் ஒன்றாவது ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும். புகை சூழ்ந்தால் குனிந்து தவழ்ந்து செல்லுங்கள். தெளிந்த காற்று தரையருகேதான் இருக்கும். மூடிய கதவைத் திறப்பதற்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் திறக்காதீர்கள். வெளியே வந்தபின் 999ஐ அழையுங்கள். எதை எடுக்கவும் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

சட்டம் சொல்லும்வரை காத்திருக்கவா?

சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் தேதியிலிருந்து புதிய வீடுகளில் புகை அலாரம் கட்டாயம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2011இல் ஒரே வீட்டில் 11 பேர் தீக்கு இரையானார்கள். அதன்பின் அங்கே சட்டம் கடுமையாக்கப்பட்டது. 2027க்குள் எல்லா வீடுகளிலும் ஒன்றோடொன்று இணைந்த ஒளிமின் அலாரங்கள் இருக்கவேண்டும். நம் நாட்டில் சாதாரணத் தனிவீடுகளுக்கு அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. அதனால் நம்மில் பலர் வீட்டில் அலாரம் இல்லை. ஆனால் குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவில் ஒன்றை வாங்கிவிடலாம்.

இந்த வார வேலை

1. வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் வரையுங்கள். படுக்கையறை, படிக்கட்டு, வெளியேறும் இரண்டு வழிகள் ஆகியவற்றைக் குறியுங்கள்.

2. அலாரம் இருந்தால் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பின்புறத்தில் உள்ள தேதியைப் படியுங்கள். இல்லையென்றால் எங்கே மாட்டலாம் என்று வரைபடத்தில் காட்டி, அப்பா அம்மாவிடம் பேசுங்கள். கூரையில் துளையிடும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்.

3. கிரில் சாவிக்கு ஓர் ஆணி அடித்து, இடத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள்.

4. ஓர் இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, குடும்பத்தோடு வெளியேறும் ஒத்திகை நடத்துங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று நீங்களே கணக்கிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால், தாமதம் எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள்.