50 பைசா காபி முதல் 200 ஊழியர்கள் வரை... மெரினா தந்த 'சந்தீபா' உணவகம்!

நொச்சிக்குப்பம் பக்கம் மாலையானால் வறுத்த மீன் வாசனை ஆளை இழுக்கும். அதே மெரினாவின் வடக்கே, அண்ணா சதுக்கம் அருகே 1982-ல் தள்ளுவண்டிக் கடை போட்டார் பாட்ரிசியா நாராயண். கட்லெட், சமோசா, ஜூஸ் எல்லாம் தயார். ஆனால், முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. வருமானம் 50 பைசா!

அழுதபடி வீடு திரும்பியவரை, ஒரு காபியாவது விற்றதே என்று தேற்றினார் அம்மா. மறுநாள் வசூல் 600 ரூபாயைத் தாண்டியது.

பிறகு குடிசை மாற்று வாரியத்தில் கேன்டீன் நடத்தும் வாய்ப்பு. நொச்சிக்குப்பத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டிய அதே வாரியம்தான். கேன்டீனுக்குத் தினமும் அதே ஆட்கள்தான் வருவார்கள். ருசி குறைந்தால் அன்றே தெரிந்துவிடும். அந்தப் பாடத்தோடு அடுத்தடுத்த கேன்டீன்கள் கைக்கு வந்தன.

2004-ல் இடி விழுந்தது. புதிதாகத் திருமணமான மகள் சந்தீபாவும் மருமகனும் சாலை விபத்தில் இறந்தார்கள். நொறுங்கிப்போன அம்மாவுக்குத் தோள் கொடுத்தார் மகன். 2006-ல் இருவரும் தொடங்கிய உணவகத்துக்கு மகளின் பெயரையே வைத்தார்கள். கிளைகள் பெருகின.

2010-ல் சிறந்த பெண் தொழில்முனைவோருக்கான 'ஃபிக்கி' விருதைப் பெற்றபோது, இரண்டு பேரோடு வண்டி தள்ளியவரிடம் 200 பேர் வேலை பார்த்தார்கள்!