கணினி உத்தியோகம்: பெயரும் பணியும்

"பையன் கணினி படிக்கிறான்" என்று பெற்றோர் பெருமையோடு சொல்லக் கேட்கிறோம். படித்து முடித்து எந்த வேலைக்குப் போவான் என்று கேட்டால் தெளிவான விடை வருவதில்லை. கணினி வேலை என்றால் நிரல் எழுதுவது ஒன்றே என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். நிரல் எழுதுவதில் நாட்டமில்லாத மாணவனை, "உனக்குக் கணினித் துறை ஒத்துவராது" என்று வேறு பக்கம் திருப்பிவிடுகிறோம். ஆனால், எழுதிய நிரல் ஓடுவதற்கு இடமும் வழியும் அமைத்து, இரவு பகலாகக் காத்து நிற்போர் வேறொரு கூட்டத்தார். அவர்கள் வேலை இன்னதென்பதை நம் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கலாம்.

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணியளவில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் சிங்கப்பூரில் தடைப்பட்டன. கடையில் சாமான் வாங்கியவர் கைப்பேசி வழியே பணம் செலுத்த முடியாமல் நின்றார். ஏடிஎம் இயந்திரமும் கைகொடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலை வரை இத்தொல்லை நீடித்தது. ஏறத்தாழ 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறாமல் போயின; மின்னிலக்க வங்கிச் சேவைக்குள் நுழையச் செய்த முயற்சிகளில் 8 இலட்சத்து 10 ஆயிரம் வரை தோல்வியுற்றன என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

காரணம் யாது? இவ்விரு வங்கிகளின் இயந்திரங்களும் ஈக்வினிக்ஸ் நிறுவனத்தின் தரவு நிலையம் ஒன்றில் இருந்தன. அங்கே முன்னரே திட்டமிட்ட மேம்பாட்டு வேலை ஒன்று நடந்தது. குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒப்பந்தக்காரர் ஒருவர் தவறான சைகையை அனுப்பிவிட்டார். குளிர்நீர் நின்றது, அறையின் வெப்பம் ஏறியது, இயந்திரங்கள் ஓய்ந்தன. வங்கியின் நிரலில் பிழை ஏதுமில்லை. தண்ணீர் வரவில்லை, அவ்வளவே!

இங்கே நாம் காணும் முதல் பணியாளர் தரவு நிலையத் தொழில்நுட்பர். மின்சாரம், குளிர்ச்சி, கம்பிவடம், இயந்திரம் அடுக்கும் சட்டம் ஆகியவை இவர் பொறுப்பு. நம் போன்ற வெப்ப நாட்டில் இது சிறு வேலையன்று. குளிர்சாதனப் பொறியமைப்பு கற்ற மாணவனுக்கும் கணினித் துறையில் இடமுண்டு என்பதை இதனால் அறியலாம்.

அடுத்தவர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது கணினி அமைப்பு நிருவாகி. சர்வர்களை நிறுவுவது, இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, யாருக்கு எவ்வளவு அனுமதி என்று வரையறுப்பது, தரவுகளுக்குப் படி எடுத்து வைப்பது யாவும் இவர் கடமை. படி எடுப்பதைவிட, எடுத்த படியிலிருந்து மீட்டுப் பார்ப்பதே பெரிது. மீட்டுப் பார்க்காத படி, திறந்து பார்க்காத உண்டியல் போன்றது; உள்ளே காசு இருக்கிறதா என்பது வேண்டும்போதுதான் தெரியும்.

வங்கிகள் முன்னெச்சரிக்கை இல்லாமல் இருக்கவில்லை. இரண்டுக்கும் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. உடனே அங்கே மாறவும் முயன்றன. ஆயினும் முழுமையாக மாற இயலவில்லை. டிபிஎஸ் வங்கிக்கு வலைப்பின்னல் அமைப்பில் இருந்த தவறு தடையாயிற்று. சிட்டிபேங்கிற்கு இணைப்புக் கோளாறு தடையாயிற்று. இவ்விடத்தில்தான் மூன்றாமவராகிய நெட்வொர்க் என்ஜினியர் வருகிறார்.

இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேச வழி அமைப்பவர் இவர். ஒவ்வோர் இயந்திரத்திற்கும் ஓர் எண் முகவரி உண்டு. பழைய முறைப்படி இம்முகவரி 32 இருமத் துண்டுகளால் ஆனது. ஆகவே ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே கிடைக்கும். அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இப்பகுதிக்குரிய செய்தி இவ்வழியே செல்க என்று ரௌட்டர் என்னும் கருவிக்குக் கட்டளை எழுதி வைக்க வேண்டும். அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர் வேலையை ஒத்தது இது. கட்டளையில் ஓர் எண் பிசகினால், இயந்திரங்கள் யாவும் நலமாக இருந்தும் ஒன்றையொன்று காணமாட்டா. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் இவரை நினைப்பார் ஒருவருமில்லை.

அந்நிகழ்ச்சிக்குப் பின், 2023 நவம்பர் 1ஆம் நாள், சிங்கப்பூர் நாணய ஆணையம் டிபிஎஸ் வங்கியின் இன்றியமையாதன அல்லாத கணினி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் செய்யும் மாற்றம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு இது சான்று. எந்த மாற்றத்தை, எந்நேரத்தில், யார் செய்வது, தவறினால் எப்படிப் பின்வாங்குவது என்று எழுதி ஒப்புதல் பெறுவதே பெரிய நிறுவனங்களில் ஒரு தனிப் பணியாகிவிட்டது. தெளிவாக எழுதத் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்புண்டு. மொழி ஆசிரியர்கள் இதைக் கருத வேண்டும்.

இனி, ஏறும் படிகளைப் பார்ப்போம். பெரும்பாலோர் முதலில் கால் வைப்பது ஹெல்ப் டெஸ்க் எனப்படும் உதவி மேசையில். மறந்த கடவுச்சொல், அச்சிடாத அச்சுப்பொறி, கிடைக்காத வைஃபை என்று நாள் முழுதும் முறையீடு கேட்கும் வேலை. பட்டம் பெற்ற மகன் இதில் சேர்ந்தால் பெற்றோர் முகம் சுளிப்பது வழக்கம். அது சரியன்று என்பது என் கருத்து. 2024 சூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால் உலகெங்கும் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்தன. முடங்கிய கணினிகள் பலவற்றைத் தொலைவிலிருந்து சீர்செய்ய இயலவில்லை. ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் அமர்ந்து அக்கோப்பை நீக்க வேண்டியதாயிற்று. அன்று பெரிதும் தேவைப்பட்டவர்கள் முகம் சுளிக்கப்பட்ட அந்த முதற்படிக்காரர்களே.

அங்கிருந்து சிலர் சர்வர் பக்கமும் சிலர் வலைப்பின்னல் பக்கமும் பிரிகிறார்கள். பல்லாண்டு அனுபவத்திற்குப் பின் முழு அமைப்பையும் வரைந்து தரும் ஆர்க்கிடெக்ட் ஆகலாம். ஆட்களை நடத்தும் மேலாளரும் ஆகலாம். இப்போது கிளவுட் என்ஜினியர், டெவ்ஆப்ஸ் என்ஜினியர் என்று புதுப்பெயர்கள் பெருகியுள்ளன. 2003ஆம் ஆண்டில் கூகல் நிறுவனத்தில் பென் டிரெய்னர் சுலாஸ் என்பவர் தொடங்கிய பணிமுறைக்கு சைட் ரிலையபிலிட்டி என்ஜினியரிங் என்று பெயர். கையால் திரும்பத் திரும்பச் செய்யும் நிருவாக வேலையை நிரலால் செய்விப்பது அதன் சாரம். ஆதலின், இத்துறையில் மேலே ஏற விரும்புவோன் சிறிதேனும் நிரல் எழுதப் பழகத்தான் வேண்டும். கையால் மட்டும் செய்யும் வேலை குறைந்து வருகிறது. இதை மாணவனிடம் மறைப்பது நன்றன்று.

பெயரைக் கண்டு மயங்குதலும் கூடாது. கட்டடம் எழுப்பும் தொழில்முறைப் பொறியாளரின் பட்டத்தைச் சட்டம் காக்கிறது. பதிவு பெறாதார் அதைச் சூட்டிக்கொள்ள முடியாது. நெட்வொர்க் என்ஜினியர் என்பதோ முதலாளி தரும் பெயர். ஓரிடத்தில் அப்பெயருடையவர் வடம் இழுப்பார். மற்றோரிடத்தில் பல நாடுகளை இணைக்கும் வலைப்பின்னலை வரைவார். அதனால்தான் சான்றிதழ்த் தேர்வுகள் இத்துறையில் பெருகின. சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ 1998இல் தோன்றிய தொடக்கத் தேர்வு. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1993இல் தோன்றிய சிசிஐஇ தேர்வில் செயல்முறைப் பகுதி மட்டும் எட்டு மணி நேரம். சான்றிதழ் கதவைத் திறக்க உதவும். உள்ளே நிற்க அனுபவமே வேண்டும்.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இத்துறை கற்பிக்கப்படுகிறது. ஆதலால், மதிப்பெண் குறைந்த மாணவனுக்கும் வழி அடைபடவில்லை. சேருமுன் சோதித்துப் பார்க்கவும் இடமுண்டு. வீட்டில் கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, அதை மற்றொரு கணினியோடு இணைத்து, வேண்டுமென்றே கெடுத்துத் திரும்பச் சீராக்கட்டும். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்னும் பயிற்சி மென்பொருளும் விலையின்றிக் கிடைக்கிறது. கெட்டுப்போனதன் காரணத்தைத் தேடி மூன்று மணி நேரம் உட்காரும் பொறுமை அவனுக்கு உண்டா என்பது ஒரு விடுமுறைக்குள் தெரிந்துவிடும். தீபாவளி இரவிலும் தொலைபேசி மணியடித்தால் எழுந்து போக வேண்டிய வேலை இது என்பதையும் அவனிடம் முன்னரே சொல்லி வைக்க வேண்டும். நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்கும்போது, இரவு அழைப்புப் பணி மாதத்தில் எத்தனை நாள், அதற்குப் படி உண்டா என்பதையும் அவன் தயங்காமல் கேட்கலாம்.