மயிலின் பொறியும் மயிற்பொறியும்

ஒரு சொல் பல பொருள் தரும் பெயர்களைத் திரட்டித் தருவதற்கென்றே சூடாமணி நிகண்டில் பதினோராந் தொகுதி அமைந்துள்ளது. அவ்வகைச் சொற்களுள் ‘பொறி’ என்பதனை இன்று எடுத்துக்கொள்வோம். பறவையின் சிறகிலும் பொறி உண்டு. தொழிற்சாலையில் ஓடும் இயந்திரத்திற்கும் பொறி என்றே பெயர். இவ்விரண்டும் ஒரு சொல்லில் வந்து கூடியது எங்ஙனம்?

பொறி என்பதற்குப் புள்ளி என்பது ஒரு பொருள். மயிலின் தோகையில் உள்ள புள்ளி பொறி. சேவலின் கழுத்து மயிரில் காணும் புள்ளியும் பொறி. பொறிமயில், பொறிமயிர் வாரணம் என்று புலவர்கள் பாடியது இதுபற்றியே. வாரணம் என்பது ஈண்டு யானையன்று, கோழி. பாம்பின் படத்திலுள்ள புள்ளிகளும் பொறியே. செந்நிறச் சிறகில் கரும்புள்ளி கொண்ட சிறு வண்டினை இன்றும் பொறிவண்டு என்கிறோம்.

புள்ளியிலிருந்து அடையாளம் என்னும் பொருள் கிளைத்தது என்று கொள்ளலாம். கல்லிலும் செம்பிலும் வெட்டிய எழுத்தும், அரசர் இலச்சினையும் பொறி எனப்பட்டன. சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல். இமயத்தில் தம் பொறியைப் பொறித்தனர் என்று மூவேந்தரையும் இலக்கியம் புகழும். தீயினின்று தெறிக்கும் சிறு துளியும் பார்வைக்கு ஒரு புள்ளிதானே? அது தீப்பொறி. ‘கண்ணில் பொறி பறந்தது’ என்று அடிவாங்கியவன் சொல்லும்போது பறப்பது இப்பொறி. ‘பொறி கலங்கிவிட்டது’ என்னும்போதோ கலங்குவது ஐம்பொறி.

திருக்குறளில் கடவுள் வாழ்த்திலேயே ஐம்பொறி வந்துவிடுகிறது. ஆனால் ஆள்வினையுடைமை அதிகாரத்து 618-ஆம் குறளில் வரும் பொறியைப் பரிமேலழகர் விதி என்று கொண்டார். உறுப்புக் குறையைச் சொல்வதாகக் கொள்வாரும் உளர். முயற்சியைப் பேசும் அதிகாரத்தில், ‘விதி இல்லாமை பழியன்று, முயலாமையே பழி’ என்பது பொருந்தி நிற்பதால் பரிமேலழகர் கொண்டதே சிறப்பெனத் தோன்றுகிறது. ஒரே நூலில் ஒரே சொல் இருவேறு பொருளில் நிற்பதை வகுப்பில் காட்ட இதனினும் நல்ல சான்று வேண்டுமோ!

இனி இயந்திரத்திற்கு வருவோம். எலிப்பொறி வைத்தவன் உறங்கினாலும் பொறி உறங்குவதில்லை. மனிதன் கை அங்கே இல்லாதபோதும் அவன் எண்ணியதைச் செய்து முடிக்கும் கருவி அது. இயந்திரம் என்னும் விரிந்த பொருளுக்கு இவ்வழியே வந்திருக்கலாம் என்பது நம் கருத்து. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் படைக்கருவிகளை அடுக்கும்போது சிரல் என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. சிரல் என்பது மீன்கொத்திப் பறவை. பகைவர்மேற் பாய்ந்து கண்ணைக் கொத்தும் பொறி இது என்று உரை கூறும். இங்கே பறவையின் பெயரே இயந்திரத்தின் பெயராயிற்று.

பறவையும் பொறியும் முற்றும் ஒன்றாகும் இடம் சீவக சிந்தாமணி. கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனை முற்றுகையுற்றபோது, சச்சந்தன் கருவுற்ற தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். பொறியை வலமாகத் திருகினால் மேலே பறக்கும். இடமாகத் திருகினால் தரையில் இறங்கும். மன்னன் வீழ்ந்தான், மயில் சென்று இறங்கிய சுடுகாட்டில் சீவகன் பிறந்தான். அப்படி ஒரு விமானம் உண்மையில் இருந்ததென்று நாம் வாதிட வேண்டியதில்லை. திருத்தக்கதேவர் அதனைக் கற்பனை செய்தார், அதற்குப் பெயர் வைக்க அவருக்குத் தமிழில் சொல் இருந்தது. அதுவே நமக்குப் போதும். பிற்காலத்தில் பொறியியல், பொறியாளர் என்னும் கலைச்சொற்களை ஆக்கியோர் பழைய வேரிலேதான் புதிய கிளையை வளர்த்தனர். எந்திரம் என்ற சொல் வடமொழிவழி வந்ததாயினும் அதுவும் நேற்று வந்ததன்று. கரும்பு பிழியும் ஆலையை ஐங்குறுநூறு எந்திரம் என்றே சொல்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. மாணவர் கட்டுரைகளில் ‘கோழி குஞ்சு பொறித்தது’ என்று வருவது பெருகிவிட்டது. பேச்சில் ரகர றகர வேறுபாடு மங்கிப்போனதே காரணம். குஞ்சு வெளிவருவதும், எண்ணெயில் வேகவைப்பதும், நெல்லை வறுப்பதும் இடையின ரகரம் பெற்ற பொரித்தல். உணவுக் கடைப் பலகைகளில் ‘பொறித்த மீன்’ என்று காண்கிறோம். பொறித்த மீன் பாண்டியன் கொடியில் இருக்கும். தட்டில் வருவது பொரித்த மீன்! இரண்டையும் ஒரே தொடரில் வைத்துக் காட்ட விரும்பினால் கோழிப்பண்ணைக்குப் போகலாம். அங்கே முட்டைகளை வெப்பத்தில் அடைகாக்கும் இயந்திரத்திற்குக் ‘குஞ்சு பொரிக்கும் பொறி’ என்று எழுதச் சொல்லுங்கள். செயலுக்கு இடையினம், கருவிக்கு வல்லினம்.