பவர் ஸ்டேஷன் வாங்கப் போகிறீர்களா?

வீட்டு பேக்கப்புக்கும் கேம்பிங்கிற்கும் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் வாங்குமுன் இரண்டு எண்களைப் பாருங்கள். வாட்ஸ் என்பது ஒரே நேரத்தில் தாங்கும் லோடு. வாட்-ஹவர் என்பது சேமித்து வைக்கும் மின்சாரம். 500 வாட்-ஹவர் பேட்டரியில், இன்வெர்ட்டர் இழப்பு போக, 100 வாட் கம்ப்யூட்டர் சுமார் 4 மணி நேரம் ஓடும். பிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். சர்ஜ் வாட்ஸையும் கவனியுங்கள்.

முக்கியமாக, யுபிஎஸ் வசதி உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் அணைந்து, சேவ் செய்யாத பைல் போய்விடும்!

அடிக்கடி மின்வெட்டு வரும் வீட்டிற்கு, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஏற்றது. கேம்பிங்கிற்கு எடை குறைந்ததே வசதி. ஆனால் 160 வாட்-ஹவரைத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் கொண்டு செல்ல முடியாது.